மூன்றாவது பாட்டுக்குப் போன இடத்தில்

ஆவடி,
15-1-93

அன்பு மகள் தாட்சாயிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ பத்திரமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துப் படி.

பம்பாயில் மறுபடி கலவரம் என்று ரேடியோவில் சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ ரெக்கார்டிங்குக்கு அங்கே போய்ச் சேர்ந்த கையோடு இந்தச் சேதி. நைனா பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு எதிர் குவார்ட்டர்ஸ் ஜமீலா அக்கா வீட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உன் லாட்ஜுக்குப் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. எனக்கு அந்த இந்தி மியூசிக் டைரக்டர் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷத்தில் உனக்கு இரண்டே பாட்டு கொடுத்த மனுஷன், உன் குரலுக்கென்று மெட்டு அமைந்தால்தான் கூப்பிடுவேன் என்பாராம், அந்த மெட்டு இப்போதுதானா அமையவேண்டும் என்று வாய்விட்டுத் திட்டினேன். எப்போதும் அதட்டுகிற நைனா அன்றைக்கு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வாங்கிய பச்சரிசி பிரிக்காமலே கிடக்கிறது.

போன் வந்த சாயங்காலம் நைனா எடுத்து அலோ அலோ என்றார். அந்தப் பக்கம் யாரோ ஆம்பளை இந்தியில் பேசவும் முகம் செத்துப்போய் ரிசீவரை ஜமீலா அக்காவிடம் நீட்டினார். போலீஸ்தான் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா உருதுவில் என்னவோ கேட்டுவிட்டு, "அழுவாத பார்வதம், பாட்டு மாஸ்டருதான் பேசறாரு, பொண்ணு அவரு ஊட்லதான் கீதாம், அவரே காரை எடுத்துகினு போயி இட்டாந்துட்டாராம்" என்றாள். அப்புறம்தான் உன் குரலைக் கேட்டேன். நான் திட்டியதை அவரிடம் சொல்லாதே, என் கும்பிட்டை மட்டும் சொல். ஊரடங்கு எடுத்ததும் பாடி முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றாயே, நைனா பாடட்டும் என்கிறார், எனக்கு மனசு வரவில்லை. சுடுதண்ணீர் குடி, ஜன்னல் பக்கம் நிற்காதே.

போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஜமீலா அக்காவின் தங்கை குடும்பத்தோடு அதே பம்பாயில், மாஹிமில் இருக்கிறாள். அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்களோடு அத்தனை நாள் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. நீ பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகு சமையல்கட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "தாட்சாயிணி கிட்ட சொல்லிடாத பார்வதம், அது பாட்டுக்குத் தேடிகினு பூடும்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். முதல் பாட்டுக்கு இந்தி வார்த்தைகளை உன் நாக்கில் ஏற்றிவிட்டவள் அவள். சத்தியத்தை மீறி எழுதுகிறேன். எழுதும்போதே நீ கிளம்பிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நீ வாசல் தாண்டக் கூடாது, என் மேல் ஆணை. தங்கையின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மாஸ்டர் தெரிந்தவர்களை விட்டு விசாரிக்கட்டும்.

வேம்புலியம்மன் உன் கூடவே இருந்து காப்பாள். உன் தொண்டைக்கும் உயிருக்கும் ஒரு குறையும் வராது, தீர்க்காயுசாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அக்காவின் தங்கையைப் பற்றி நல்ல சேதி என்றால் எந்த நேரமானாலும் போன் போடு. கெட்ட சேதி என்றால் நீயும் போடாதே, மாஸ்டரையும் போட விடாதே, நைனா பேருக்குப் பேக்டரிக்குத் தந்தி கொடு. மாஸ்டர் போனில் இந்தியில் சொன்னால் அதை ஜமீலா அக்காதான் கேட்டு எங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
பார்வதம்