பதக்கத்துக்கு முன் வாசிப்பார்களாம்

மே 12, திங்கள்

காலையிலேயே வெயில். தொட்டிக்குத் தண்ணீர் விடவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும்.

டெல்லியிலிருந்து ஒரு மேஜர் போன். தமிழர், தன்மையான குரல். கார்த்தியின் பதக்கத்தை யார் வாங்குவது என்று கேட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அவங்கம்மா வாங்கட்டுங்க."

"அம்மா, உங்களுக்குச் சம்மதமா?"

"சரிங்க."

வெளியாளிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. இவர் மரியாதைக்கு என்னைச் சொன்னார், நான் மரியாதைக்குச் சரி என்றேன். என் பெயர் டெல்லிப் பட்டியலில் ஏறிவிட்டது. இனி மாற்ற முடியாதாம்.

கொடுப்பதற்கு முன்னால், எல்லையில் மகன் என்ன செய்தான் என்பதை முழுவதும் வாசிப்பார்களாம். இங்கிலீஷில். வாசித்து முடியும்வரை நான் நிற்க வேண்டும்.

மே 14, புதன்

தூக்கம் இல்லை. மழை வரும்போல் இருந்து வரவில்லை.

பயம் எதற்கென்று எழுதிவிடுகிறேன். போன வருடம் உடலைக் கொண்டுவந்த அதிகாரி, "உடனே உயிர் போயிடுச்சு, வலி தெரிஞ்சிருக்காது" என்றார். இவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். தோப்புக்குப் போகிறார், சாப்பிடுகிறார். துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "உடனேங்க. பையன் கஷ்டப்படலீங்க."

நான் அன்றே கார்த்தியின் கையைப் பார்த்தேன். புறங்கையில் சின்ன பிளாஸ்டர். டிரிப்ஸ் ஏற்றிய இடம். உயிர் இல்லாத உடலுக்கு யாரும் டிரிப்ஸ் ஏற்றுவதில்லை. காலேஜில் விலங்கியல் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது. இவரிடம் சொல்லவில்லை.

இவருக்கு இங்கிலீஷ் புரியாது. எனக்குப் புரியும். வெளியே வந்ததும் கேட்பார்.

மே 16, வெள்ளி

நங்கையா, இவருடைய அக்கா, வந்தார். எனக்குச் சேலை பார்க்க.

"பட்டு வேண்டாங்கண்ணு. டிவில காட்டுவாங்க, ஊருக்குள்ள பேசுவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குன்னு இதையா கட்டுவ? ஊடு தொடைக்கற துணியாட்ட இருக்குது."

சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

எடுக்க: பி.பி. மாத்திரை, இவர் கண்ணாடி, சாம்பல் நிறக் காட்டன், ஸ்வெட்டர் (டெல்லி மேயில் எதற்கு? வேண்டாம்).

முக்கில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். மாவீரனாம். படத்தில் இருப்பது பிளஸ் டூ கார்த்தி. மீசை வரைந்திருக்கிறார்கள்.

மே 19, திங்கள்

ஏர்போர்ட். ஜவான்களுக்குக் கொடுக்க இவர் பையில் கொப்பரை. செக்கிங்கில் ஒரு இந்திக்காரன் எடுத்து வைத்துவிட்டான். எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்குமாம்.

"எரியுமுங்க, நல்லா எரியும். நம்ம களத்துச் சரக்கு" என்று அவனிடம் பெருமையாகத் தமிழில் சொன்னார்.

பிளேனில் காதோடு: "அம்மணி, எல்லாத்தையும் நல்லாக் கேட்டுக்க. ஒண்ணும் உடாம எனக்குச் சொல்லோணும்."

சாப்பாட்டைத் தொடவில்லை.

மே 20, செவ்வாய்

ஒத்திகை. ஜனாதிபதி இடத்தில் ஒரு கர்னல் நின்றார். எங்கே நிற்பது, எப்போது கும்பிடுவது. வாசிப்பு மட்டும் இல்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மேஜரிடம் சொல்லத்தான் போனேன்.

"தங்கற இடமெல்லாம் வசதியாம்மா?"

"வசதிங்க."

திரும்பி வந்துவிட்டேன்.

மே 21, புதன்

வாசித்தார்கள். நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

ரூமுக்கு வந்து இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லு அம்மணி."

சொன்னேன். மலைச்சரிவு. அடிபட்டுக் கிடந்த இரண்டு பேர். முதல் ஆளைக் கார்த்தி இழுத்து வந்தது. இரண்டாவது ஆளை இழுக்கும்போது கார்த்தி வயிற்றில் குண்டு. நிறுத்தினேன்.

"அப்பத்தான். உடனே. இல்ல?"

ஆமாங்க என்றால் முடிந்தது. வாய்வரை வந்தது.

"இல்லீங்க. அந்த ஆளையும் கொண்டாந்து சேர்த்தானாம். மத்தவங்க வர்ற வரைக்கும் சுட்டுட்டே இருந்தானாம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை.

"எத்தனை நேரம்னு சொன்னாங்களா?"

சொன்னார்கள்.