முதல் பஸ்ஸில் வருகிறவர்கள்

அடியே,

போன வாரம் நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வேலை கேட்டு வந்தாள். லேப் வாசலிலேயே நின்று, பையிலிருந்து இன்னொரு ஜோடி செருப்பை எடுத்து மாற்றிக்கொண்டு, போட்டு வந்ததைக் கவரில் சுற்றி உள்ளே திணித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு. நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கழற்றிய செருப்பு முழுக்க அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் அதே வெள்ளைத் தூசி. உன் அடக்கத்தன்றுகூட கல்லு மாதிரி நின்றவள் நான். அந்தச் செருப்பைப் பார்த்ததும் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது.

அந்த வித்தைக்கு நீதானே முதலாளி! ஏலாக்குறிச்சியிலிருந்து கிளம்பி, திருமானூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி, பெரம்பலூர் போய் இறங்குவோம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாற்றுவாய். “தூசியோட போனா, தூரத்துக் கழுதைங்கன்னு கண்டுபுடிச்சிடுவாங்கடி” என்பாய். தஞ்சாவூரில் லேப் டெக்னீசியன் படித்து முடித்த கையோடு நாம் வேலை தேடி அலைந்த நாட்கள் அவை. எந்த ஊரில் வேலை இருக்கிறது என்று நாம் தேடியதே இல்லை. எந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தேடினோம்.

பெரம்பலூர் லேபில் நம் இருவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். அந்த முதலாளி மார்க்கைப் பார்க்கும் முன்னால் ஊரைக் கேட்டார். “காலையில ஆறரைக்குத் தொறக்கணும்மா. வெறும் வயித்தோட ரத்தம் குடுக்க வர்றவங்க வாசல்ல நிப்பாங்க. எங்கேருந்து வருவீங்க?” அதே ஊரில் இருக்கும் துறைமங்கலத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வேன் என்றேன் நான். நீயும் சளைக்காமல், “எனக்கும் துறைமங்கலம்தான் சார்” என்றாய். வழியெல்லாம் நான் சொல்லிக்கொடுத்து வந்த பொய் அது.

“ஏரிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

நீ துறைமங்கலத்தை ஜென்மத்தில் பார்த்ததில்லை. “நடுவுல சார்” என்றாய்.

“ஏரிக்கு நடுவுலயா?” என்று அவர் சிரித்தார். நீயும் சிரித்துவிட்டாய். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாய். “பொய் சொல்லிட்டேன் சார். எனக்குத் திருமானூர் தாண்டிப் போவணும். மொத பஸ்ஸப் புடிச்சாலும் இங்க வந்து சேர ஒம்பது ஆயிடும். ஆனா சார், கிராமத்துலேருந்து ரத்தம் குடுக்க வர்றவங்களும் மொத பஸ்ஸுலதானே வருவாங்க? பாவம், பசியோட வந்து உக்காந்திருப்பாங்கல்ல? அவங்களுக்கு நான் எடுக்கறேன் சார்.”

“நல்லாப் பேசற. தங்கறதுக்கு ஒரு எடத்தப் பாத்துட்டு வாம்மா” என்றார். வேலை எனக்குக் கிடைத்தது.

என்னைவிட நீதான் கெட்டிக்காரி. நரம்பே தட்டுப்படாத கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுப்பாய். நான் எடுத்தால் ஆள் அலறும். ஆனால் என் சித்தி பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டாள். உன் அத்தைகள் கொள்ளிடக்கரையைத் தாண்டி எங்கேயும் வாழ்க்கைப்படவில்லை. நம் படிப்பைவிட அந்தக் கல்யாணங்கள்தான் நம் வேலையை முடிவு செய்தன. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: “பொய் சொல்றதுக்குக்கூட அந்த ஊருல நாலு நாளு இருந்திருக்கணும்டி.” நான் சிரித்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

தங்க இடம் வேண்டுமென்றால் கையில் சம்பளம் வேண்டும். சம்பளம் வேண்டுமென்றால் முதலில் தங்க இடம் வேண்டும். செக்குமாடு மாதிரி இதையே நீயும் எத்தனையோ ஊரில் சுற்றிப் பார்த்தாய். கடைசியில் இடத்தையும் சோற்றையும் சேர்த்துக் கொடுத்தது திருப்பூர் பனியன் கம்பெனிதான். அங்கே நீ பிடித்ததும் ஊசிதான், துணி தைக்கிற ஊசி. காய்ச்சலில் படுத்தபோது போனில் கூப்பிட்டாய். “என் ரிப்போர்ட்ட நானே படிச்சுட்டன்டி. ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறஞ்சிருக்கு. படிச்சது இதுக்காவது ஒதவுச்சு பாரு.” அப்போதும் சிரித்தாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அரியலூரில் வேறொரு லேபுக்கு நான்தான் பொறுப்பு. ஆள் எடுப்பதும் நான்தான். கடைசி வார்த்தை மட்டும் முதலாளியுடையது. அந்தப் பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டேன். “பக்கத்துலதான் மேடம்” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

“பொய் வேண்டாம்மா. மொத பஸ்ஸு எப்ப வந்து சேரும், அதச் சொல்லு.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “எட்டாயிடும் மேடம்.” பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். நான்தான் உட்கார வைத்தேன்.

முதலாளியிடம் போய், நீ அன்று சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். ஆறரைக்கு டவுன்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், எட்டு மணிக் கூட்டத்துக்கு அவள் இருக்கட்டும் என்றேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, “ஒரு மாசம் பாப்போம்” என்றார். ஒரு மாசம் போதுமடி. உனக்கு அந்த ஒரு மாசத்தை யாரும் கொடுக்கவில்லை.

இன்று அவளுக்கு முதல் நாள். எட்டு மணிக்கு வந்தாள், தனியாக இல்லை. பின்னாலேயே ஒரு பெரியவரும் இரண்டு பெண்களும், பசியில் வாடிய முகத்தோடு. “பஸ்ஸுலயே கேட்டுட்டேன் மேடம். மூணு பேரும் டீகூடக் குடிக்காம வந்திருக்காங்க. மொதல்ல இவங்களுக்கு எடுத்துடலாமா?” என்றாள். செருப்பைத் தூசியோடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். அவள் குத்தியபோது பெரியவர் முகம் சுளிக்கவே இல்லை.

நான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் கதவைச் சாத்த மனம் வரவில்லை.