ஊசிமுனை என்ற பெயரில்

ஜூன் 9, திங்கள்

கடைக் கம்ப்யூட்டரில் இவர் புதிதாக ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார். போனில் இருப்பதுதான், இங்கே திரையை அடைத்துக்கொண்டு பெரிதாக வருகிறது. நடுவில் ஊரார் போடுவது, வலது ஓரத்தில் செய்திகள், மேலே சிவப்பில் ஒரு எண். நம் மேட்சிங் சென்டரின் பக்கத்தை இனி நான்தான் பார்க்க வேண்டுமாம். கலர் பெயரெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று ஒரு ஐஸ்.

பதினெட்டு பிளவுஸ் பிட் படம் போட்டேன். இது அரக்கா மெரூனா என்று ஒரு அம்மாள் கேட்டார். திரையில் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை.

போனில் பிடிக்காததைக் கட்டைவிரலால் தள்ளிவிடலாம். இது எதிரே அகலமாக உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

ஜூன் 12, வியாழன்

செய்தி ஓரத்தில் இன்று: ஒரு நடிகையின் விவாகரத்து. கிணற்றில் விழுந்த குழந்தை. முகம் பொலிவடையப் பப்பாளி. மூன்றும் ஒரே அளவு எழுத்து. குழந்தையைத் தாண்டிப் பப்பாளியைப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது.

ஜூன் 15, ஞாயிறு

நீரஜா வீட்டுக்கு வந்திருந்தாள். சீதா அக்காவின் ஒரே மகள். ஒரு சின்ன இணையச் செய்தித் தளத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டாளாம்.

ஊசிமுனை என்ற பெயரில் எவனோ ஒருவன் நான்கு மாதமாக அவளுடைய ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் எழுதுகிறான். பல்லைப் பற்றி, நிறத்தைப் பற்றி, எழுதக் கூடாத மற்றதையெல்லாம் பற்றி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். போன வாரம் அவன் எழுதியது, "மண்டபம் வரை போய்த் திரும்பி வந்த சரக்கு."

மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் அவள் கல்யாணம் முந்தின நாள் நின்றுபோனது. சென்னையில் அது எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வெளியாளில் அவள் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஹரி, கூட வேலை பார்க்கும் பையன். அக்காவிடம் அவனைப் பற்றிச் சொல்ல இருந்தாளாம்.

"அவன் ஒருத்தன்கிட்டதான் சித்தி சொன்னேன். வேற யாரு எழுத முடியும்?"

ஹரியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அழவில்லை. நகத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

இவரே அடுப்படிக்குப் போய் அவளுக்குச் சர்க்கரை குறைத்துக் காபி போட்டுக் கொண்டுவந்தார். "கண்டுக்காதம்மா. வேலவெட்டி இல்லாத பயலுவ" என்றார். ஸ்கூட்டரில் மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

எழுத வேண்டுமா என்று அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மதியம் இவர் லைனிங் துணி எடுக்க சௌகார்பேட்டை போயிருந்தார். ஆடித் தள்ளுபடிப் படம் போடலாம் என்று ஆப்பைத் திறந்தேன். மூலையில் வட்டப் படத்தை அமுக்கினால் எந்தப் பெயரில் போடுவது என்று கேட்கும். கடைப் பெயர். பாலகணேஷ் என்று இவர் பெயர். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்று.

ஊசிமுனை.

அமுக்கினேன். பாஸ்வேர்ட் கூடக் கேட்கவில்லை, திறந்துகொண்டது. நீரஜா சொன்னது எல்லாம் இருந்தது. சொல்லக் கூசி விட்டதும் இருந்தது. எல்லாம் பகல் வேளையில் எழுதியவை. நான் மூன்றடி தள்ளி நின்று துணி கிழித்துக்கொண்டிருந்த வேளைகளில்.

கை தானாகப் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

திரும்பி வந்த சரக்கு. வாங்கிப்போன துணியை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அதைக் கல்லாவுக்குக் கீழே தனியாகப் போட்டுவிட்டு இவர் சொல்கிற வார்த்தை. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாமலா இருந்தது?

ஜூன் 25, புதன்

சாப்பாடு போட்டேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 28, சனி

கேட்டுவிட்டேன். கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன்னால்.

மறுக்கவில்லை. அதுதான் முதல் அடி. "அது நான் இல்ல சந்திரி. அது சும்மா ஒரு ஐடி" என்றார். எல்லாரும்தான் எழுதுகிறார்கள், பொழுது போகவில்லை, முதலில் யார் யாருக்கோ எழுதினேன் என்றார். நம் பிள்ளைக்கு ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்க எழுதினாலும் பத்து பேரு பாப்பான். அவளுக்குக் கீழ எழுதினா நானூறு பேரு."

நானூறு என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. நான் பார்த்தேன்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தது முதல் பந்தி வரைக்கும் அலைந்தது தான்தானாம். ஒரு வார்த்தை நன்றி இல்லை, இன்றைக்கு ஊருக்கே புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்றார். அவள் நன்றி சொன்னாள். மஞ்சள் பூசின கையோடு, அழுதுகொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். இவருக்கு அது கேட்கவில்லையா, போதவில்லையா?

கணக்கை அழித்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தார். "நீரஜாகிட்ட சொல்லிராத. மதினி முகத்துல எப்படி முழிப்பேன்?"

சொல்ல மாட்டேன் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன், பின்னால் இல்லை என்று சாதிக்கக் கூடாது.

ஜூலை 2, புதன்

நீரஜாவிடமிருந்து மெசேஜ். இந்த ஒரு வாரத்தில் ஹரி நான்கு தடவை போன் பண்ணினானாம். எடுக்கவில்லை, நம்பரையே பிளாக் பண்ணிவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

"அது ஹரி இல்லைம்மா" என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். இந்தப் பக்கம் நான் அடிப்பது அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிகிறது. "என்ன சித்தி, ரொம்ப நேரமா என்னமோ எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

சாப்பிட்டியா என்று அனுப்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு அம்மாளுக்கு மயில்கழுத்துக்கும் ராமர் பச்சைக்கும் வித்தியாசம் காட்டிக்கொண்டிருந்தேன். திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் எழும்பி வந்தது. ஊசிமுனையின் கருத்தை 61 பேர் விரும்பியிருக்கிறார்களாம்.

அழிக்கவே இல்லை. நீரஜாவை மட்டும் விட்டுவிட்டார். இந்தத் தடவை, தன் தெருவில் மழைநீர் வடிகாலை ஏன் மூடவில்லை என்று கேட்டிருந்த யாரோ ஒரு பெண். வடிகாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவள் உடம்பைப் பற்றித்தான் முழுக்க.

அந்த அம்மாள் மயில்கழுத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் மிச்சத்தையும் படம் பிடித்தேன், ஒன்று விடாமல்.

ஜூலை 5, சனி

வேளச்சேரிக்குப் பஸ்ஸில் போனேன். நீரஜாவைக் கீழே வரச்சொல்லி, அவர்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிற்க வைத்தே சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியிலிருந்து முதலுக்குப் போய் அங்கே நின்றாள். படத்துக்கு மேலே தேதி இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"இருபத்தி நாலாம் தேதி எடுத்திருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

"ரெண்டாம் தேதி என்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டீங்க சித்தி."

அதற்கும் ஆமாம்தான் சொன்னேன்.

போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன், வந்து சாட்சி சொல்வீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். நன்றி எதுவும் சொல்லவில்லை. படங்களைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டாள். என்னை மேலே கூப்பிடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சீதா அக்கா போனில்: "உன் புருஷன நெனச்சுப் பதினோரு நாளு. என் பிள்ளைய நெனச்சு ஒரு நாளு." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எதிரே ஒரு பெண் அதிகாரி. இவர் எழுதியதையெல்லாம் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். குரலில் கோபம் எதுவும் இல்லை, ரேஷன் கார்டில் பேர் சரிபார்க்கிற மாதிரி. இவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க மேடம்" என்றார். ஏழாவதுக்குப் பிறகு தலையை மட்டும் ஆட்டினார். தான் எழுதியதை ஒரு மனுஷக் குரலில் இன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டிருப்பார்.

நானும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். மேற்கொண்டு என்ன செய்வது என்பது நீரஜாவின் முடிவு என்றார்கள். அவள் புகாரை வாபஸ் வாங்க மாட்டேன் என்றாள். சரிதான்.

வெளியே படிக்கட்டில் ஹரி நின்றிருந்தான். அவனை வரச்சொல்லியிருக்கிறாள். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன். எல்லாரும் கேட்கும்படியே மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு நீரஜா" என்றான். ஒரு படி இறங்கி நின்று, "ஆனா நாலு தடவ போன் பண்ணேன்."

ஒன்றாம் தேதி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்கிறானாம். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் நடந்தார்கள். அந்த நான்கு அழைப்புகளும் என்னுடைய பதினோரு நாளுக்குள்தான் வந்தன.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இவர் தென்காசிக்கு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். எப்போது திரும்புவார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாம்பரம் தாண்டி ஒரு மெசேஜ் அனுப்பினார், கடை வாசல் பூட்டைச் சரிபார்க்கச் சொல்லி.

ஆகஸ்ட் 9, சனி

ஆடிக் கூட்டம் ரங்கநாதன் தெருவிலிருந்து எங்கள் சந்து வரைக்கும் வழிந்துகொண்டிருக்கிறது. ஒண்டியாகச் சமாளிக்கிறேன். படம் போட நேரமில்லை, ஆனால் திரை திறந்தேதான் இருக்கிறது.

ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் ஜைதூன் பீ லைனிங் எடுக்க வந்திருந்தார். நான் வேறொருவருக்கு அளந்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கடைக்குள் நீரஜாவின் குரல் கேட்டது. வேறு ஏதோ தளத்தில் சேர்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். சிரிக்கவில்லை, தடுமாறவும் இல்லை, நேராகப் பார்த்து வாசித்தாள்.

"இன்னாமா படிக்குது இந்தப் பொண்ணு. பயமே இல்லாம கீது" என்றார் ஜைதூன் பீ. நான் கையில் கத்தரியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "உனுக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றார்.

"இல்லக்கா. இதுல பார்த்திருக்கேன்."

எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டேன்.