வெயிலில் போட்ட கார்டுராய் பேண்ட்

பீரோவைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனையோடு உங்கள் காப்பிப்பொடி நிற கார்டுராய் பேண்ட்தான் முதலில் கைக்கு வந்தது. தடவினேன். வரி வரியாக அப்படியே இருக்கிறது. நேற்று உங்கள் மகன் நொய்டாவிலிருந்து போனில் கூப்பிட்டு, இப்படி ஒரு பேண்ட் வாங்கலாமா என்று கேட்டான். அதனால்தான் எடுத்தேன். இல்லாவிட்டால் இந்தத் தட்டுப் பக்கம் நான் போவதில்லை.

முதல் நாளிலிருந்தே எனக்கு இந்தப் பேண்ட் மேல் நம்பிக்கை கிடையாது. தை பிறந்ததும் பட்டாசு ஆர்டர் எடுக்க வடக்கே போவீர்கள். அந்த வருடம் திரும்பி வந்தபோது இதைப் போட்டுக்கொண்டே விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கினீர்கள். நடக்கும்போது தொடைக்குத் தொடை சர்க் சர்க் என்று உரசியது. பட்டாசுக் கம்பெனி வீட்டில் பிறந்தவளுக்கு, உரசுகிற எதைக் கண்டாலும் தீப்பொறிதான் நினைவுக்கு வரும்.

"இதென்னங்க, கம்பளியில பேண்ட் தச்சிருக்கீக?"

"கம்பளி இல்ல, கார்டுராய். குளிருக்கும் ஆகும், சும்மா போட்டுக்கிடவும் ஆகும்."

ஒரே துணி இரண்டு வேலை பார்க்கும் என்றால் நான் நம்புவேனா? எம். புதுப்பட்டியில் என் பிறந்த வீட்டு வழக்கம் உங்களுக்குத்தான் தெரியுமே. புதுத்துணி எது வந்தாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிவிட வேண்டும். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டையானால் நைலான் கலப்பு, உரசினால் பொறி கிளம்பும். அது கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது. பெண் பார்க்க வந்த உங்கள் சட்டையிலேயே அப்பா நூல் உருவினார். அன்று நீங்கள் கோபப்படாமல் சிரித்தீர்கள். அதற்காகத்தான் நான் சம்மதம் சொன்னேன்.

இந்தப் பேண்ட்டிலும் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். காகிதம் எரிந்த வாசனை வந்தது. சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தது. சுத்தமான பருத்திதான்.

"மாப்பிள்ளையவே சோதிச்ச குடும்பம், பேண்ட்ட விடுமா?" என்றீர்கள்.

"பருத்தின்னாலும் வரிக்குள்ள வெடிமருந்துத் தூள் ஏறுச்சுன்னா தட்டுனாப் போவாது. கம்பெனிப் பக்கம் இதோட போயிராதீக."

சரி என்றீர்கள். குளிர் ஊரில் வாங்கியதைக் குளிரோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். மாசி போய்ப் பங்குனி வந்தது. திருத்தங்கலில் லேபிள் அச்சடிக்கப் போனாலும் கார்டுராய், ஆமத்தூரில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கார்டுராய். ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காற்றுக்கு அலைகிறது. என் புத்தி நேரே வடக்கே போனது. அங்கே எவளோ ஒருத்தி, இது உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பேண்ட் பையைத் துழாவினேன். ஓட்டலில் அள்ளிப் போட்ட சோம்பும் கல்கண்டும்தான் கிடைத்தன. ஒன்றும் கிடைக்காததே பெரிய சந்தேகமாகப் போயிற்று எனக்கு.

ஒரு மத்தியானம் முந்தானையால் விசிறிக்கொண்டே உள்ளே வந்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு அந்தப் பேண்ட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கையைப் பிடித்தேன். மண்பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

வடக்கத்திக்காரி அந்த நிமிடமே என் மனதை விட்டுப் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால்கூடத் தேவலையே என்று இருந்தது.

"ஒங்களுக்குக் குளிருதா?"

"சும்மா போட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதீக. எம்புட்டு நாளாக் குளிருது?"

தலையைக் குனிந்து பேண்ட்டின் வரிகளைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள். "வடக்கயே ஆரம்பிச்சிருச்சு. அங்கன எல்லாருக்கும் குளிருது, நமக்கும் குளிருதுன்னு நெனச்சேன். இங்கன வந்தும் விடல. ஆர்டர் சீசன் முடியட்டும்னு பாத்தேன்."

துணி பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

"எந்திரிங்க. மதுரைக்குப் போறோம்" என்றேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், இந்த உடம்போடு எப்படி நடமாடினார் என்று என்னைக் கேட்டார். மருந்தும் ஊசியுமாக இன்னும் ஒரு தீபாவளி நமக்குக் கிடைத்தது. அன்று காலை மகன் வாசலில் சரவெடி கொளுத்தியபோது, போர்வைக்குள் இருந்தபடி, "ஒன் சந்தேகப் புத்திதான் என்னைய இம்புட்டு நாள் பிடிச்சு வச்சிருக்கு" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புத்தியைத் திட்டியவர் நீங்கள். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நேற்று மகனிடம் கேட்டேன். "எதுக்குலே ஒனக்கு அந்தப் பேண்ட்?"

"குளிருக்கும் ஆகும்மா, சும்மா போட்டுக்கிடவும் ஆகும்."

உங்கள் வார்த்தை, உங்கள் இழுப்பு. முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். நான் அழுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, "வேண்டாம்னா விடும்மா" என்றான்.

"வாங்கிக்கோலே. குளிருக்கு நல்லாத்தான் இருக்கும். ஆபீசுக்கும் போடு, கடைத்தெருவுக்கும் போடு. ஒரு நூலை உருவிப் பாத்துக்கோ. ஆனா பங்குனி பொறந்தாக் கழட்டிரணும்."

சிரித்தான். சிரிக்கட்டும். அவனும் உங்கள் பிள்ளைதான். கேட்டால் சும்மா என்றுதான் சொல்வான். பங்குனியில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீடியோவில் கூப்பிடுவேன். போனை இடுப்புக்குக் கீழே இறக்கிக் காட்டச் சொல்வேன். லுங்கி தெரிந்தால் நல்லது. வரி தெரிந்தால், அன்றைக்கே ரயிலேறிப் போய் அவன் கையைப் பிடித்துப் பார்ப்பேன்.