பன்னுவின் காலுக்கு ஒன்றுமில்லை

இன்று காலை ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டபோது, சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் காலி செய்து கொடுக்கச் சொன்னான் மெக்கானிக். துடைக்கிற துணி, பன்னு தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், நமுத்துப்போன பிஸ்கட் பாக்கெட், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கால் உறை. நாயின் பின்னங்காலுக்கென்று என் வீட்டுக்காரி மல்லிகா என் பழைய பனியனைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. முகர்ந்து பார்த்தேன். இன்னும் நாய் வாடையும் ஏரிக்கரைப் புழுதியும்தான். "இன்னா சார் இது, தூக்கிப் போட்டுடவா?" என்றான் மெக்கானிக். "போட்டியானா கைய ஒடிச்சிடுவேன்" என்றேன். அவன் பயந்துபோய் இரண்டு அடி தள்ளி நின்றான். பாவம், அவன்மேல் எனக்கென்ன கோபம். எல்லாம் உன்மேல்தான்.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதே நீ எதற்கும் நேராகப் பதில் சொன்னவன் இல்லை. அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பன்னு நம் இருவரில் யாருடைய நாய் என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு கிடையாது. சைதாப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உன் கையிலிருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குட்டி அவள். துரத்திக்கொண்டு போன நீ, பன்னை விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாய். படுத்துக்கொள்வது உன் வீட்டு மாடிப்படிக்கு அடியில், சாப்பிடுவது என் வீட்டில். நான் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைக்கிறவன். நீ தி. நகர் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவன். "நீ குந்திக்கினே தேஞ்சிட்ட, நான் நின்னுக்கினே தேஞ்சிட்டேன். வாரத்துல ஒரு நாளாவது மனுசனாட்டம் நடக்கலாம் மச்சி" என்றாய். ஞாயிறு உங்கள் கடையில் கூட்டம் தள்ளும் நாள். உனக்கு லீவு செவ்வாய்க்கிழமைதான். அதற்காகவே செவ்வாய் மட்டும் நான் கடையைத் தாமதமாகத் திறந்தேன். வக்கீல் குமாஸ்தாக்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். உனக்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்குத்தானே போனோம். ஞாபகம் இருக்கிறதா? வாசலிலேயே வாட்ச்மேன் பிரம்பை நீட்டினார். "நாயெல்லாம் உள்ள வரக் கூடாது. போர்டு பாக்கல?" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தோம். வரிசையாக நல்ல சிமெண்ட் பெஞ்சுகள், வேப்பமர நிழல். இன்னொரு பூங்காவில் பன்னுவை வாசலில் கட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். அடையாற்றில் ஒரு பூங்காவுக்குப் போனால், அங்கே நடக்க வந்த ஒரு பெரியவர், தெருநாய்க்குப் பெல்ட் போட்டுவிட்டால் அது வீட்டுநாய் ஆகிவிடுமா என்று கேட்டார். ஒவ்வொரு சேலையையும் பட்டுபோலத் தடவிக் காட்டிப் பேசிப் பழகிய உன் வாயிலிருந்து அன்றைக்கு வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. இந்த ஊரில் மனிதனும் நாயும் சேர்ந்து உட்கார ஓர் இடம் இல்லை. அந்தப் பெஞ்சுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படித்தான் அந்த மலையைப் பிடித்தோம். பல்லாவரம் தாண்டி, ஓர் ஏரி, ஏரிக்குப் பின்னால் குன்று, குன்றுக்கு அந்தப் பக்கம் கல் உடைத்துவிட்டுப் போன பள்ளத்தில் பச்சையாய்த் தண்ணீர். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே வேலி போட்டு, கேட் வைத்து, அதில் அதே போர்டை மாட்டிவிடுவார்கள். பன்னு ஸ்கூட்டரில் என் காலடியில் நின்றுகொண்டு, கத்திப்பாராவில் போகிற வருகிற லாரியையெல்லாம் குரைத்து விரட்டுவாள். ஏரிக்கரையில் இறக்கிவிட்டால் போதும், ஆகாயத்தாமரைக்குள் ஒளிந்திருக்கும் நீர்க்கோழிகளைக் கிளப்பிவிட்டுத்தான் மறு வேலை. கரை முழுக்க நடந்து, மதகைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் ஏறினால் உச்சியில் யாரோ நட்ட ஒரு வேல். அங்கிருந்து விமானம் இறங்குவது தெரியும். நீ மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, விமானத்தைப் பார்த்து, "வாங்கம்மா, உட்காருங்கம்மா, இன்னா ரேஞ்சில பாக்குறீங்க?" என்பாய். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போவேன்.

நாள் முழுக்க வருகிறவர்களை உட்காரச் சொல்கிறவன், தான் உட்கார முடியாது. அந்த ரகசியத்தையும் அந்த உச்சிப் பாறையில் வைத்துத்தான் சொன்னாய். சும்மா உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவானாம். அதனால் சேலையில் குத்தும் ஊசி கீழே விழுந்துவிட்டது என்று குனிவாயாம். கவுண்டருக்குப் பின்னால் குந்தி, விழாத ஊசியைக் கொஞ்ச நேரம் தேடுவாயாம். "ஒரு நாளைக்கு எங்க கடையில எத்தினி ஊசி வுழுது தெரியுமா மச்சி" என்று கண்ணடித்தாய். உன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். அன்றைக்கே சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

பிறகு பன்னுவுக்குக் கால் வலி வந்தது. வந்தது என்று நீதான் சொன்னாய். மதகு வரைக்கும் நன்றாக வந்தவன், "பன்னுக்கு முடியல மச்சி, கொஞ்சம் குந்தலாம்" என்றாய். உட்கார்ந்தோம். அவளையும் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாய். அடுத்த தடவை மதகிலும் உட்கார்ந்தோம், மேலே வேப்பமரத்தடியிலும் உட்கார்ந்தோம். அப்புறம் கட்சி விளம்பரம் எழுதி அழித்திருக்கும் அந்த மஞ்சள் பாறையிலும். உன் கர்ச்சீப் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இருப்பாய். கேட்டால், "கேஸு. காலையில வெறும் வயித்துல டீ குட்ச்சேன்ல" என்பாய். உடனே பேச்சை நாயின் காலுக்குத் திருப்பிவிடுவாய். "சமமா நடந்தா இதுக்கு ஒண்ணும் இல்ல. மேல ஏறினாத்தான் வலிக்குது. கொஞ்ச நேரம் குந்தினா சரியாப் பூடுது, பாவம்."

நான் நம்பினேன். மல்லிகாவும் நம்பி உட்கார்ந்து அந்த உறையைத் தைத்தாள். பன்னு அதைப் பல்லால் இழுத்து அவிழ்ப்பதும், நீ மறுபடி கட்டிவிடுவதுமாக ஒரு கூத்து நடந்தது. கடைசியில் அவளை நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நீயும் கூட வந்தாய். அந்த டாக்டர் பெண் காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். நான் விடவில்லை. நீ சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். ஏறினால் வலிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது, சமயத்தில் முன்னங்கால் வரைக்கும் இறங்குகிறது. அவர் சிரித்துவிட்டார். "இதெல்லாம் நாய் சொல்லிச்சா சார்?" என்றார். நீ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வெளியே வந்ததும், "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்றாய்.

அந்த அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாய் இல்லம்மா, நான்தான் என்று. அவர் நாய் டாக்டராகவே இருக்கட்டும், அந்தக் கணமே உன்னை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருப்பார். பன்னுவை முன்னால் நிற்க வைத்து, உன்னைப் பின்னால் உட்கார வைத்து நான் ஓட்டியிருப்பேன். எத்தனை சிக்னல் விழுந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

தீபாவளி நெருங்கியதும் கடையில் வார லீவை நிறுத்திவிட்டார்கள். "நல்லதாப் போச்சு, பன்னு காலுக்கு ரெஸ்ட்டு" என்றாய். உனக்கு எங்கே ரெஸ்ட்? கூட்டம் நெரிகிற ஒரு சாயங்காலம் நீ கவுண்டருக்குப் பின்னால் குனிந்தாய். பிறகு நிமிரவே இல்லை. கூட வேலை செய்கிற பையன் உன் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே என்னிடம் சொன்னான். "ஊசி கீழ வுழுந்துடுச்சு, தேடறாருன்னு நெனச்சிட்டோம் சார்." கடையின் பேர் எழுதிய பெரிய மாலை வந்தது. அதை உன்மேல் போட்டவர் ரொம்ப மரியாதையாகத்தான் போட்டார். நான் அதை எடுத்து ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரி செல்விதான் பன்னுவைக் கையில் பிடித்துக் கொடுத்தது. "நீங்களே கூட்டிக்கினு போங்கண்ணே. வாசலயே பாத்துக்கினு கீது. என்னால பாக்க முடியல" என்றது. அடுத்த செவ்வாய் நான் பன்னுவை ஏரிக்குக் கூட்டிப் போனேன். மலை வேண்டாம், அவள் காலுக்கு ஆகாது, கரையோடு திரும்பிவிடலாம் என்று நினைத்து உறையையும் மாட்டிவிட்டேன். மதகு வந்ததும் பன்னு உட்கார்ந்துவிட்டாள். பாவம், வலிக்கிறதுபோல என்று நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் போனதும் எழுந்தாள். உறையைப் பல்லால் இழுத்துப் போட்டுவிட்டு, மலைப்பாதையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடினாள். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இல்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அங்கிருந்து மறுபடி ஒரே ஓட்டம். மஞ்சள் பாறையில் போய் உட்கார்ந்து அதே பார்வை. உச்சியில் ஓர் ஓணானைத் துரத்திப் பாறைக்குப் பாறை தாவினாள்.

மூட்டுவலிக்காரியாம். நான் அந்த வேலுக்குப் பக்கத்தில் நின்று உன்னைப் பேர் சொல்லித் திட்டினேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி கீழேயிருந்து, "யார்ப்பா அது, யார வையிற?" என்று கேட்டாள். நாயின் நோவு என்று நீ சொன்ன ஒவ்வொன்றும் உன் நோவு. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்று எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாய். எல்லாம் சொன்னாய், யாருக்கு என்பதை மட்டும் மாற்றிச் சொன்னாய். அந்த மலையில் உனக்கு எந்தச் சூப்பர்வைசர்டா இருந்தான்? என்னைப் பார்த்தா பயந்தாய்? நான் என்ன, சம்பளத்திலா பிடித்துக்கொள்ளப் போகிறேன்? முப்பது வருஷம் நின்றவனுக்கு, உட்காருவதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று ஆகிப்போனது. கடையில் ஊசி. மலையில் நாய். உன்னை அப்படி ஆக்கியவர்கள்மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர்களை நான் திட்டிப் பழகவில்லை. உன்னைத்தான் திட்டிப் பழக்கம்.

மல்லிகா என்னையும் இழுத்துக்கொண்டு போய் எல்லா டெஸ்டும் எடுக்க வைத்தாள். பயப்பட ஒன்றும் இல்லையாம், உடம்பைக் குறைக்க வேண்டுமாம். உட்கார்ந்தே தேய்ந்தவன் என்று நீ சொன்னதையே டாக்டர் வேறு வார்த்தையில் சொன்னார். செவ்வாய்க்கிழமை நாங்கள் போகிறோம், நானும் பன்னுவும். அவள் நிற்கிற இடத்தில் எல்லாம் நானும் உட்காருகிறேன். மதகில், வேப்பமரத்தடியில், மஞ்சள் பாறையில். எழுந்திரு என்று நான் சொல்வதில்லை. போதும் என்று அவளுக்கே தோன்றினால் எழுந்துகொள்வாள்.

அந்தக் கால் உறையைத் தட்டி மடித்து, சர்வீஸ் முடிந்ததும் மறுபடி பெட்டியிலேயே வைத்துக்கொண்டேன்.

போன வாரம் மஞ்சள் பாறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, மேலேயிருந்து ஒரு பெண் பிள்ளை பெரிய வெள்ளை நாய் ஒன்றோடு இறங்கி வந்தது. பன்னுவைப் பார்த்துவிட்டு நின்று, இரக்கமாகக் கேட்டது. "என்ன அங்கிள், உங்க டாகுக்குக் கால் முடியலையா?"

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "எனக்குத்தான் மூச்சு வாங்குது. அதான் குந்திக்கினு கீறேன்."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான்டா. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது?