மடித்து வைத்த போர்வை

நவம்பர் 3
குடி வந்து ஒரு வாரம். கட்டில், மேசை, நாற்காலி, கரண்டி வரை எல்லாம் வீட்டோடு சேர்த்து வாடகை. என் சொந்தம் ஒரு பெட்டியும் கைத்தடியும்தான். என் கட்டிலை மகன் என்னைக் கேட்காமலே பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தான். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி உன் வீட்டில் படுக்க மாட்டேன் என்று. "தனியா இருந்துக்குவீங்களாப்பா? சரி. மறதி கிறதின்னு ஒரு தடவ என் காதுல விழட்டும், அப்புறம் உங்கள கேக்க மாட்டேன். வண்டியோட வந்து நிப்பேன்." நிற்கட்டும், பார்க்கலாம்.

ஜன்னலைத் திறந்தால் ஆறு. இந்தப் பழைய தெருவில் மாடி வீடுகளுக்கு அழைப்பு மணி கிடையாது. யாராவது கீழே நின்று கூப்பிட்டால் சாவியைச் சாக்ஸில் போட்டு ஜன்னல் வழியாக எறிகிறார்கள். நல்ல கூத்து. வந்தவர் கையிலெல்லாம் சாவியைக் கொடுத்தால் பூட்டு எதற்கு?

நவம்பர் 6
கடைக்குப் போய்விட்டு வந்தேன். கட்டிலில் போர்வை நான்காக மடித்திருக்கிறது.
நான் மடிக்கவில்லை. நான் போர்வை மடித்து என் ஆயுளில் யாரும் பார்த்ததில்லை.

நவம்பர் 7
மடித்தேனோ?

நவம்பர் 10
லாரி ஓட்டிய காலத்தில், வண்டியை நிறுத்தினால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நகர மாட்டேன். இன்று அதே கண்ணோடு வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன். போர்வை சுருண்டு கிடந்தது. நாற்காலி மேசையடியில். திரும்பி வந்தால் போர்வை மடிப்பில், நாற்காலி ஜன்னலோரம் ஆற்றைப் பார்த்து. ஒரு பொருள் காணாமல் போகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறவனைப் புரியும்.

கீழே கடை வைத்திருக்கும் தையல்காரம்மாவிடம் பட்டும் படாமலும் சொன்னேன். "போர்வை மடிக்கிற திருடனா? எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பி விடுங்க ஐயா, துவைச்ச துணி மலையாக் கெடக்கு." சிரித்தாள். பிறகு ஏனோ தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தாள்.

நவம்பர் 11
மகன் போன் செய்தான். "குரல் ஒரு மாதிரி இருக்கேப்பா?" சளி என்றேன். யாரோ வந்து போர்வை மடிக்கிறார்கள் என்று சொன்னால் தீர்ந்தது என் கதை. அவன் சொல்லுவதே உண்மையாக இருந்தால்? மறந்தவனுக்குத் தான் மறந்தது தெரியுமா?

பள்ளிக்கூடம் போகாமல், கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்த புத்தி இது. இது போய்விட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது? வருகிறவன் திருடனாகவே இருக்கட்டும். கொலைகாரனாக இருந்தாலும் சரி.

நவம்பர் 13
முகப் பவுடரைக் கதவுக்கு உள்ளே தரையில் தூவிவிட்டுப் போனேன். வந்து பார்த்தேன். காலடிகள். வெறுங்கால், சின்னது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருக்கிறது.

என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது! அந்தச் சந்தோஷம் காபி ஆறுவதற்குள் போய்விட்டது. அப்படியானால் நிஜமாகவே யாரோ வருகிறார்கள். அவர்களிடம் சாவி இருக்கிறது.

வீட்டுக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன். யார், எப்போது என்று அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நாளைக்கே பூட்ட மாத்திடறேங்க" என்றான். அவன் கேட்காததுதான் இடிக்கிறது.

நவம்பர் 14
புதுப் பூட்டு. தூங்கினேன்.

நவம்பர் 17
காலையில் கதவில் சத்தம். சாவி நுழைகிறது, திரும்பவில்லை. வெளியே எடுத்து, மறுபடி நுழைக்கிறது. நான் உள்ளே கைத்தடியை ஓங்கிக்கிட்டு நிக்கிறேன். யார்றான்னு கேக்க வாயத் தெறந்தேன், காத்துதான் வந்துச்சு. மலைப்பாதையில பிரேக் போன வண்டிய நிறுத்தினவன் நான். ஒரு சாவிச் சத்தத்துக்குச் சுவரோட ஒட்டிக்கிட்டேன்.

கடைசியில் காலடி படியிறங்கியது, நின்று நின்று. ஜன்னலுக்குப் போனேன். குடையோடு ஒரு கிழவி வெளியே வந்தாள். கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தப்பு சாவியுடையது என்பதுபோல. பிறகு நிமிர்ந்து இந்த ஜன்னலைப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தையல்காரம்மா இன்றுதான் வாயைத் திறந்தாள். "வீட்டுக்காரரோட அம்மாங்க ஐயா. நீங்க படுக்கிற கட்டில், அந்த நாற்காலி, எல்லாம் அவங்களதுதான். அவங்கள தன் வீட்டுப் பின்னறையில வச்சிட்டு இத வாடகைக்கு விட்டுட்டாரு. சொன்னா எங்க பூட்ட மாத்திடுவீங்களோன்னுதான் நான் சொல்லல."

அவள் சொல்லாமலே மாற்றிவிட்டேன்.

நவம்பர் 18
வீட்டுக்காரன் வந்திருந்தான். "அம்மாவுக்கு மறதிங்க. இன்னும் இது தன் வீடுன்னே நினைச்சிட்டிருக்காங்க. வந்தா திறக்காதீங்க. திறந்தீங்கன்னா அதே பழக்கமாயிடும். அப்புறம் நான் வேற ஆளத்தான் பாக்க வேண்டியிருக்கும்."

தலையாட்டினேன். யாருக்கும் தலையாட்டாதவன், ஆட்டினேன். இந்த இடம் போனால் மகன் வண்டியோடு நிற்பான்.

மறதியாம். எந்தப் போர்வை, எந்த மடிப்பு, நாற்காலிக்கு எந்த இடம், ஒன்றும் அவள் மறக்கவில்லையே.

நவம்பர் 19
கட்டிலில் படுக்க முடியவில்லை. தரையில் படுத்தேன்.

நவம்பர் 21
மழை. கீழே வந்து நிற்கிறாள். படியேறவில்லை, கூப்பிடவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறாள். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள். நான் என்ன செய்தாலும் சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரன் காதுக்குப் போய்விடும்.

பயமில்லை என்று எழுத மாட்டேன். இந்தக் கோணல் எழுத்தே சொல்லும்.

இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரலாம். நான் கதவைத் திறந்துவிட்டால் அவள் விருந்தாளி ஆகிவிடுவாள். அது கூடாது. அவளே திறக்கட்டும்.

நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். இப்போது நானே மடித்துவைக்கப் பழகியிருந்த போர்வையை உதறிச் சுருட்டிக் கட்டிலில் எறிந்தேன். சாவியைச் சாக்ஸில் போட்டு முடிந்து, எதிர் வீட்டார் நன்றாகப் பார்க்கும்படியே வீசினேன்.

படியில் காலடி. நின்று நின்று வருகிறது.

வெளியே செருப்புக் கழலும் சத்தம். சாவி நுழைகிறது.

திரும்புகிறது.