முடியவில்லை என்று நீயே சொல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், தம்பியும் பக்கத்திலேயே இருப்பான், அதனால்தான் கடிதம். பதறாதே, தம்பி உயிரோடு இருக்கிறான்.

போன வாரம் கடையில் விழுந்துவிட்டான். திடீர்ச் சத்தம் அவன் நெஞ்சுக்கு ஆகாது என்று ரிப்பேருக்கு வருகிற எந்தப் போனையும் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் தொடுவான், உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது செத்துப்போன போன், அதில் எதை அணைப்பது? பேட்டரி மாற்றியதும் அது உயிர் வந்து அவன் கையிலேயே அலறியிருக்கிறது, இவன் மேஜை மேல் சாய்ந்துவிட்டான். நாடியே இல்லைம்மா, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருந்தேன், கை விட்டுப்போச்சு என்று முதலாளி என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஷாக் கொடுத்துத்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை, நானே கையில் வைத்து விழுங்க வைக்கிறேன். இந்த வீட்டில் நாங்கள் என்னதான் செய்யவில்லை சொல். அழைப்பு மணியைக் கழற்றியாயிற்று, குக்கர் பரணில் கிடக்கிறது, உன் அப்பா காலையில் அவன் பாதத்தைத் தடவி எழுப்புகிறார், தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறார். நானே சத்தமில்லாமல் திட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன், அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்த உனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் ஊர் வாயையும் உலகத்துச் சத்தத்தையும் நான் எப்படி அடைப்பேன்?

இதய டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். நெஞ்சுத் தோலுக்கு அடியில் கருவி வைக்க வேண்டும், துடிப்பு தாறுமாறானால் அதுவே ஷாக் கொடுத்துச் சரி செய்யும், தள்ளிப்போடக் கூடாது, அடுத்த தடவை ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்றார். இவன் மாட்டேன் என்கிறான். ஏன் தெரியுமா? உன்னால். கோபப்படாதே, கேள். நீ வந்திருந்தபோது அவன் ரத்தத்தை எடுத்துப்போய், அதிலிருந்து இதய செல்களை வளர்த்தாயே, அவை தட்டில் துடிக்கிற படத்தை அனுப்பினாயே, அது இன்னும் அவன் போனில் இருக்கிறது. முதலில் தடுமாறித் துடிக்கும், உன் மருந்து ஒரு சொட்டு விழுந்ததும் ஒழுங்காகிவிடும். இதய செல்லின் சுவரில் உப்பு போய்வரச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, தம்பிக்கு அதில் ஒன்று சரியாகத் திறப்பதில்லை, அதைத் திறக்கத்தான் இந்த மருந்து என்று நீ எங்களுக்கு விளக்கியதை அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிக்கிறான். டாக்டரிடமே படத்தைக் காட்டி, அக்காகிட்ட என் நெஞ்சு நல்லாத்தான் துடிக்குது டாக்டர், மருந்து வெளியே வர்ற வரைக்கும் பொறுத்துக்கறேன், அதுக்குள்ள எதுக்குக் கத்தி என்று சிரிக்கிறான். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

அந்த மருந்து இனி வராது என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தானே தெரியும். ஒரு கதவைத் திறந்தது இன்னொன்றை அடைத்துவிட்டது, மிருகங்களுக்குக் கொடுத்தபோது பிழைக்கவில்லை, பேராசிரியர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று நீ விம்மி விம்மி அழுதாய். தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, அவனுக்கு நம்பிக்கையே போயிடும் என்றாய். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். இப்போது அந்த நம்பிக்கைதான் அவனைக் கொல்லப்போகிறது. மனசு கேட்காமல் நேற்று அவனிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். உனக்கு என்னம்மா தெரியும், அக்கா தன் வாயால முடியலைன்னு சொல்லட்டும், மறுநாளே போய்ப் படுத்துக்கறேன் என்றான்.

சொல்லிவிடு கண்ணே. இளமையையெல்லாம் அந்த ஆய்வுக்கூடத்தில் கரைத்தாய், கல்யாணப் பேச்சு எடுத்தால் செல்களுக்குத் தீனி போடணும் என்று போனை வைத்தாய், அதெல்லாம் யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? தம்பியிடமே தோற்றுப்போனேன் என்று சொல்வது உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் பெற்ற வயிறு எரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், வேறு வழி தெரியாமல் கேட்கிறேன். சுற்றி வளைக்காதே, இன்னொரு வழி பார்க்கிறேன் என்று வாலைச் சேர்க்காதே, அந்த வாலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவான். முடியவில்லை என்று மட்டும் சொல். அழுதால் அழட்டும், உன்னிடம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும், பேசாமல் இருக்கவாவது ஆள் வேண்டும் அல்லவா.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வுக்கூடத்து நாற்காலியில் தூங்காதே. நான் எழுதியதை அவனிடம் சொல்லிவிடாதே. உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். உன் கைக்கு அவனுக்கான மருந்து ஒரு நாள் கட்டாயம் வசப்படும், அம்மா சொல்கிறேன், நீ விட்டுவிடாதே. அன்றைக்கு முதல் மாத்திரையை வாங்கிக்கொள்ள அவன் இருக்க வேண்டும்.

என்றும் உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா